ரேக் எண்டுக்குக் கருவி வாங்கும் முன் பாகத்தை வாங்கி அளந்து பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: பழைய மைவி கார். தோட்டத்துச் செம்மண் சாலையில் முன்பக்கம் டொக் டொக் என்று தட்டுகிறது. டவுனில் போர்மேன் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் டை ராட் (ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் உள்பக்க மூட்டு, கடையில் ரேக் எண்ட் என்பார்கள்) போய்விட்டது என்று சொல்லிவிட்டார். நீங்களே மாற்றிக்கொள்ள நினைக்கிறீர்கள். ஆனால் தேடிப் பார்த்தால் கருவி மூன்று நான்கு விதமாக வருகிறது, எது உங்கள் காடிக்குச் சரிப்படும் என்று தெரியவில்லை. பைப் ஸ்பேனரை வைத்தே செய்யலாமா என்றும் கேட்கிறீர்கள்.

காடியின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் அந்த மூட்டின் வடிவமும் அளவும்தான் கருவியைத் தீர்மானிக்கும். அதனால் முதலில் புதுப் பாகத்தை வாங்குங்கள். அதை அளந்து பாருங்கள், காடியில் இருப்பதையும் அளந்து பாருங்கள். கருவிக்குக் காசு போடுவது அதற்கப்புறம். இதைத் தலைகீழாகச் செய்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து வண்டிப் பட்டறையில் வேலை செய்கிறேன். பகலில் தோட்டத்து லோரி, டிரக்டர், மேனேஜரின் ஹைலக்ஸ். சாயங்காலம் அக்கம் பக்கத்து வீட்டுக் காடிகள். இங்கே டயருக்கு அடுத்தபடியாக ஸ்டீரிங் சாமான்தான் அதிகம் போகிறது. குலை ஏற்றிய லோரி மழையில் ஓடி ஓடிச் சாலையில் இரண்டு பள்ளத் தடம் விழுந்திருக்கும். லோரியின் அகலம் வேறு, சின்னக் காடியின் அகலம் வேறு. ஒரு சக்கரம் தடத்துக்குள்ளும் இன்னொன்று மேட்டிலுமாக ஓடும்போது சக்கரத்துக்குப் பக்கவாட்டில் அடி விழுகிறது. அந்த அடியை நேராக வாங்குவது டை ராட். அதோடு மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில், அதாவது ரப்பர் பூட்டில், ஒரு கீறல் இருந்தாலே போதும், செம்மண் தண்ணீர் உள்ளே இறங்கி, கிரீஸோடு குழம்பி, பந்தை அரைத்துத் தேய்த்துவிடும்.

கடையில் கேட்கும்போது ‘ரேக் எண்ட்’ என்று கேளுங்கள். இங்கே சாமான் கடை முதலாளி தவுக்கேயிடம் வெறும் டை ராட் என்றால் வெளியே சக்கரத்துப் பக்கம் இருக்கும் டை ராட் எண்டைத்தான் எடுத்து வைப்பார். கருவியையும் ரேக் எண்ட் கருவி என்று கேட்டால்தான் சட்டென்று புரியும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. காடியைத் தரையில் சக்கரத்தோடு நிற்க வைத்து, ஒருவரை உள்ளே உட்காரச் சொல்லி ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ரப்பர் பூட்டை அமுக்கி, உள்ளே இருக்கும் மூட்டை விரலால் பிடித்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்த ‘டக்’ விரலிலேயே தெரியும். வெளிப்பக்க டை ராட் எண்டையும் அதே மாதிரி பிடித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ஜேக் போட்டு, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். அப்படி ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் பக்கம் சந்தேகம் சரிதான். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போதுதான் ஆட்டம் தெரிகிறது என்றால் அது கீழ் பால் ஜாயின்டாகவோ சக்கரத்து பேரிங்காகவோ இருக்கலாம். அதற்கு இந்தக் கருவியே வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ரேக் எண்ட் என்பது ஒரு முனையில் பந்து வைத்த கம்பி. அந்தப் பந்து, தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தின் பின்பக்கம் மரை இருக்கிறது, அது ஸ்டீரிங் ரேக்கின் முனையில் திருகி ஏறுகிறது. ரேக் என்பது ஸ்டீரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமுமாக நகரும் பல் வெட்டிய தண்டு. சுழல வேண்டியது கிண்ணம். நீங்கள் கம்பியைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் கம்பி பந்தோடு தன்னிஷ்டத்துக்குச் சுற்றுமே தவிர மரை அசையாது. கிண்ணத்தைப் பிடிக்கலாம் என்றால், அது சக்கரத்துக்கு உள்ளே, சப்-பிரேமுக்கும் ஆன்டி ரோல் பாருக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. சாதாரண ஸ்பேனரை வைத்தால் சில டிகிரி திருப்புவதற்குள் எதிலாவது இடிக்கும். ரேக் எண்ட் கருவி என்று விற்பதெல்லாம் இந்த ஒரு சிக்கலுக்குத்தான். நீளமான ஒரு குழாய். அதைக் கம்பியின் மேலே சொருகி, உள்முனையால் கிண்ணத்தைப் பிடித்து, சக்கரம் இருந்த இடத்தில் வெளியே நின்று அரை அங்குல ரேச்செட்டாலோ நீளக் கம்பியாலோ திருப்பலாம்.

அந்த உள்முனை கிண்ணத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

ஒரு வகையில், குழாயோடு வாய் திறந்த தட்டைகள் ஒரு பெட்டி நிறைய வரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு தட்டை முகம் வெட்டியிருந்தால் அதற்குச் சரியான தட்டையைப் பக்கவாட்டில் மாட்டி, குழாயை அதன்மேல் கொண்டுபோய்ப் பூட்டித் திருப்ப வேண்டும். அளவு சரியாக இருந்தால் இதைப் போல உறுதியான பிடி வேறு இல்லை. நழுவாது, கிண்ணத்தில் கீறலும் விழாது. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். இணையத்தில் கிடைக்கும் செட்டுகளில் பல, அமெரிக்கக் காடிகளுக்காக அங்குல அளவில் செய்தவை. பெட்டியில் 1 3/16, 1 1/4, 1 5/16, 1 7/16 என்று இருக்கும். அதை மில்லிமீட்டரில் போட்டுப் பாருங்கள்: 30.2, 31.8, 33.3, 36.5. நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் ஜப்பான் வழி வந்த காடிகள், மில்லிமீட்டர் கணக்கு. உங்கள் கிண்ணத்தின் தட்டை முகம் 32 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 31.8 உள்ளே ஏறாது. 33.3 ஏறும், ஆனால் தொளதொளவென்று நிற்கும். பலம் கொடுத்தவுடன் மூலையை மழித்துவிட்டு நழுவும். மூலை மழிந்த கிண்ணத்தை அப்புறம் எந்தத் தட்டையாலும் பிடிக்க முடியாது. அதனால் இந்த வகையை வாங்குவதாக இருந்தால் பெட்டியில் எத்தனை துண்டு என்று பார்க்காதீர்கள், உங்கள் அளவு அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு வகை, உருளை வைத்துப் பிடிப்பது. குழாயின் வாய்க்குள் சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். திருப்ப ஆரம்பித்ததும் அவை சரிவில் நகர்ந்து கிண்ணத்தைச் சுற்றி இறுகிக்கொள்ளும். பலம் கூடக் கூடப் பிடியும் கூடும். தட்டை முகமே தேவையில்லை, முழு வட்டமான கிண்ணத்தையும் பிடிக்கும். ஒரே கருவி 27 முதல் 42 மில்லிமீட்டர் வரை, அல்லது 30 முதல் 45 வரை என்று எழுதி விற்பார்கள். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கிண்ணத்தில் கிரீஸ் இருந்தால் உருளை வழுக்கும், பிரேக் கிளீனர் போட்டுத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிண்ணத்தின் முழு அகலத்துக்கும் உருளை உட்கார வேண்டும், ஓரத்தில் மட்டும் கடித்துக்கொண்டு திருப்பினால் நழுவும். மூன்றாவது, இரண்டு திசையிலும் பிடிக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கழற்ற மட்டும் பிடித்து, முடுக்கும்போது பிடிக்காத கருவியால் உங்களுக்குப் பாதி வேலைதான் நடக்கும்.

பைப் ஸ்பேனரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரேக்கையே வெளியே இறக்கி மேசையில் வைத்து வேலை செய்யும் பட்டறையில் அதைப் பயன்படுத்துவார்கள், பழைய பாகம் எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது. காடியிலேயே வைத்து, குறுகலான இடத்தில், புதுப் பாகத்தை அதனால் முடுக்குவதை நான் ஏற்க மாட்டேன். பல் பதிந்த கிண்ணத்தில் துரு பிடிக்கும். எவ்வளவு முடுக்கினோம் என்ற கணக்கும் கையில் இருக்காது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஸ்டீரிங் வேலைக்கு அதை எடுக்க வேண்டாம்.

சரி, பாகத்தை ஏன் முதலில் வாங்கச் சொல்கிறேன்? போன மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் புரோட்டோன் வீரா வந்தது. இடப்பக்கம் பூட்டைக் கழற்றினால் கிண்ணத்தில் அழகாக இரண்டு தட்டை முகம். வலப்பக்கம் கழற்றினால் முழு வட்டம், ஸ்பேனர் வைக்க இடமே இல்லை. முன்பு யாரோ வலப்பக்கம் மட்டும் வேறு கம்பெனிச் சாமான் போட்டிருக்கிறார்கள். கிராணி கையோடு வாங்கி வந்திருந்த புதுப் பாகமோ மூன்றாவது வடிவம், தட்டை முகம் இருந்தது, ஆனால் இடப்பக்கத்து அளவு இல்லை. ஒரே காடி, ஒரே வேலை, மூன்று வடிவம். இந்த வயதுக் காடிகள் பலவற்றில் முன்பே ஒரு முறையாவது சாமான் மாறியிருக்கும். கடையில் ஒரே மாடலுக்கு அசல் சாமான், 555 பிராண்டுச் சாமான், பெயர் தெரியாத சீனச் சாமான் என்று எல்லாம் இருக்கும். ஒன்றுக்கொன்று மரை பொருந்தும், கிண்ணத்தின் வெளிவடிவம் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழையதைக் கழற்றும் கருவி புதியதை முடுக்க உதவாமல் போவது இப்படித்தான்.

அதனால் வெர்னியர் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். புதுப் பாகத்தில் கிண்ணத்தின் வெளிவிட்டம் எவ்வளவு, தட்டை முகம் இருந்தால் முகத்துக்கு முகம் எவ்வளவு, கம்பியின் நீளம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பியின் நீளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய் கம்பியைவிடக் குட்டையாக இருந்தால் கிண்ணத்தை எட்டும் முன்பே கம்பியின் முனை குழாயின் அடியில் முட்டிக்கொள்ளும். அப்புறம் காடியில் பூட்டின் கிளிப்பை மட்டும் எடுத்து, பூட்டைப் பின்னால் தள்ளி, பழைய கிண்ணத்தையும் அளந்துவிட்டுப் பூட்டைப் பழையபடி மாட்டிவிடலாம். அன்றைக்கே காடியை ஓட்டிக்கொண்டு போகலாம். ஒன்றையும் கழற்றி வைக்கவில்லையே.

பூட்டைத் தள்ளும்போது உள்ளே எண்ணெய் வழிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வீரா மாதிரி எண்ணெயில் ஓடும் பவர் ஸ்டீரிங் என்றால் ரேக்கின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ரேக் எண்டை மட்டும் மாற்றி அது தீராது, முதலில் ரேக்கைப் பார்க்க வேண்டும்.

கருவியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க வீடியோக்களில் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரிய உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு கருவியை இரவல் கொடுத்து, திருப்பிக் கொடுத்ததும் பணத்தைத் தந்துவிடும். நம் டவுன் கடைகளில் அப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் பழக்கமான பட்டறையில் சாமானை அவர்களிடமே வாங்கினால், ‘அண்ணே, ரேக் எண்ட் கருவி ஒரு சாயங்காலம் கொடுங்க’ என்று கேட்கலாம், பெரும்பாலும் கொடுப்பார்கள். தோட்டத்துப் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் அங்கும் கேளுங்கள். இரவல் கருவியென்றாலும் உங்கள் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலையில் இறங்கும்போது நீங்கள் நிஜமாகவே கவனிக்க வேண்டியது ரேக். கிண்ணம் கழலும் அதே திசையில் ரேக்கும் சுழலப் பார்க்கும். ரேக்கில் பல் வெட்டியிருப்பது ஒரு பக்கம் மட்டும், அந்தப் பல்லில் பினியன் (ஸ்டீரிங் தண்டின் அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) கடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கருவியில் கொடுக்கும் பலம் முழுவதும் அந்தப் பல்லிலும் பினியனிலும் போய் விழுந்தால், கழன்ற ரேக் எண்டுக்குப் பதிலாக ரேக்கையே மாற்ற வேண்டி வரும். அதனால் ரேக் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு வரும் திசையில் ஸ்டீரிங்கைத் திருப்பி வைத்து, ரேக்கின் தட்டையான பகுதியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பல் தெரிகிற பக்கத்தில் பல்லின் முகமே தட்டையாக இருக்கும். ஸ்பேனருக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தகடு வைத்துப் பிடித்தால் பல்லில் காயம் படாது. ஸ்டீரிங்கைக் கோடி வரை திருப்பி, அது முட்டி நிற்பதையே பிடிமானமாக வைத்துத் திருப்புவதைச் செய்யாதீர்கள். இதற்கு இன்னோர் ஆள் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் திருப்ப. மரை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான், இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும்.

திருப்பும் முன் லாக் வாஷரைத் தேடுங்கள். பல காடிகளில் கிண்ணத்துக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும், அதன் ஓரத்தைக் கிண்ணத்தின் தட்டை முகத்தின்மேல் மடித்து அடித்திருப்பார்கள். அந்த மடிப்பைச் சின்ன உளியால் நிமிர்த்தாமல் கருவியை மாட்டினால் எவ்வளவு நல்ல கருவியும் தோற்கும். சிலவற்றில் வாஷர் இருக்காது, மரைப் பசை போட்டிருப்பார்கள். அதற்கு வெப்பக் காற்று அடிக்கும் கருவியால் கொஞ்சம் சூடு காட்டினால் இளகும். கேஸ் நெருப்பு வேண்டாம், உள்ளே ரப்பரும் சீலும் இருக்கின்றன.

வெளிப்பக்க டை ராட் எண்டைக் கழற்றும் முன் அதன் லாக் நட்டு இருக்கும் இடத்தைக் கம்பியில் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரேக் எண்ட் வெளியே வந்ததும் புதியதைப் பக்கத்தில் படுக்க வைத்து, கிண்ணத்தின் மரை தொடங்கும் இடத்திலிருந்து அந்தக் குறி வரை அளந்து, அதே தூரத்தைப் புதியதிலும் குறித்துவிடுங்கள். சக்கரம் கிட்டத்தட்டப் பழைய கோணத்திலேயே நிற்கும். டை ராட் எண்டின் கூம்பு நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) இறுகிக் கிடந்தால் நட்டை முழுசாக எடுக்காமல் சில மரை விட்டுவைத்து, நக்கிளின் காதில் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் விட்டுக்கொடுக்கும். அந்த எண்டை மறுபடியும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கவட்டை மாதிரியான கருவியை அடித்து இறக்காதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும்.

முடுக்குவதற்குத்தான் இந்தக் குழாய்க் கருவியின் முழு அருமையும் தெரியும். குழாய் கிண்ணத்தின் அச்சிலேயே நேராக நிற்பதால் அதன் முனையில் முடுக்கும் பலத்தைக் காட்டும் டார்க் ரெஞ்சை மாட்டினால் அது காட்டும் எண்தான் மரைக்குப் போகும் எண். வாய் திறந்த தட்டையை மட்டும் டார்க் ரெஞ்சின் முனையில் நீட்டி மாட்டினால் கை நீளம் கூடி, ரெஞ்சு காட்டுவதைவிட அதிகமாக முடுங்கிவிடும். எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது காடிக்குக் காடி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கும்போதும் ரேக்கை ஸ்பேனரால் பிடித்திருக்க வேண்டும். லாக் வாஷர் புதுசு போட்டு, அதன் ஓரத்தைக் கிண்ணத்தின் முகத்தில் மடித்து அடித்துவிடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி மடித்தால் மடிப்பில் விரிசல் விடும், அது உடைந்தால் ஓடும்போது மரை கழலத் தடை எதுவும் இல்லை.

பூட்டை மாட்டும் முன் பந்தைச் சுற்றிக் கிரீஸ் வைத்து, பூட்டில் கீறல் இருந்தால் யோசிக்காமல் புதுசு போடுங்கள். பூட்டு முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, மடிப்பு மடிப்பாக நேராக உட்கார வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் அடுத்த மழையிலேயே செம்மண் உள்ளே போகும்.

கடைசியாக அலைன்மென்ட். குறி வைத்து மாட்டினாலும் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், கொஞ்சம் மாறியிருக்கும், அப்படியே ஓட்டினால் முன் டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்துவிடும். வேலை முடிந்த அன்றோ மறுநாளோ டவுனில் செய்துகொள்ளுங்கள், அதுவரை ஈப்போ வரைக்கும் ஹைவேயில் போக வேண்டாம். அலைன்மென்ட் செய்பவரிடம் ரேக் எண்ட் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் கம்பியைச் சுழற்றும்போது பூட்டின் சின்னக் கிளிப்பைத் தளர்த்திவிட்டுச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் நேராக மாட்டிய பூட்டு மறுபடி முறுக்கிக்கொள்ளும்.